அக்சியோ காரின் பின்னால் 14 அடிக் கரவன்: எவ்வளவு பாரம் பொருந்தும்?

கிளிநொச்சியிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. வீட்டில் 1500 சிசி டொயோட்டா அக்சியோ கார் நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் அதன் வெற்று நிறை 1,100 கிலோ. ஆகஸ்ட் மாத மடுத் திருவிழாவுக்கும் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கும் குடும்பத்தோடு போய்த் தங்க, படுக்கையும் அடுப்பும் உள்ள 14 அடி நீள இழுவை வீடு ஒன்றை, அதாவது கரவனை, உள்ளூர்ப் பட்டறையில் செய்விக்க நினைக்கிறீர்கள். இரும்புப் பெட்டிதான், 900 கிலோ வரும் என்று பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். உழவு இயந்திரப் பெட்டி செய்து பழகியவர் என்பதால் அவர் சொல்லில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. "1500 சிசி எஞ்சின் இதை இழுக்குமா?" என்பது உங்கள் கேள்வி. இழுக்கும். சமதரையில் முதலாம் கியரில் அதைவிடக் கூடுதலாகவும் இழுக்கும். ஆனால் மனைவியும் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் காருக்குள் இருக்கும்போது நீங்கள் அறிய வேண்டியது வேறொன்று. மாடு ஒன்று வீதிக்கு ஏறினால் அந்தப் பாரத்தை இந்தக் கார் நிறுத்துமா, பஸ் ஒன்று காற்றடித்துக்கொண்டு முந்திப் போகும்போது அதை நேராக வைத்திருக்குமா என்பதே அது. இந்த இரண்டுக்கும் எஞ்சினின் சிசி அளவு பதில் சொல்லாது.

நான் வவுனியாவில் ஒரு கராஜில் தொழில் பழகியவன். உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு அச்சுப் பொருத்துவதும் இரும்புச் சட்டம் ஒட்டுவதும் முதல் பத்து ஆண்டு வேலை. பிறகு இங்கிலாந்தில் கரவன் திருத்தும் வேலைத்தலம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். ஊருக்குத் திரும்பி, தண்ணீர்த் தாங்கி வண்டி, படகு ஏற்றும் வண்டி, நடமாடும் சாப்பாட்டுக் கடை என்று சிறிய இழுவைப் பெட்டிகள் செய்து கொடுக்கிறேன். இங்கே சொல்வது அந்த இரண்டு அனுபவங்களையும் சேர்த்துத்தான். இழுவைப் பெட்டியின் பதிவு, உங்கள் அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு, காப்புறுதி ஆகியவை என் துறை அல்ல. முதல் இரண்டையும் மாவட்டச் செயலகத்தில் உள்ள மோட்டார் போக்குவரத்துப் பிரிவிலும், மூன்றாவதைக் காப்புறுதி நிறுவனத்திலும் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காருக்குப் பின்னால் பெட்டி பூட்டியிருந்த நேரத்தில் விபத்து நடந்தால், முதலில் கேட்கப்படுவது அந்தக் கடதாசிதான்.

உழவு இயந்திரத்தை வைத்துக் காரைக் கணக்கிடுவது வன்னியில் எல்லோரும் செய்கிற பிழை. ஏறக்குறைய இரண்டு தொன் நிறையுள்ள மசி பெர்குசன், நெல் மூட்டை அடுக்கிய பெட்டியைத் தன் நிறைக்கும் மேலாக இழுத்துக்கொண்டு வயலிலிருந்து வருவதை நாம் தினமும் பார்க்கிறோம். அது மணிக்கு இருபது கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. ஓடும் பொருளில் அடங்கியிருக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. இருபதில் வந்த அதே பெட்டி அறுபதில் வந்தால், நிறுத்துவதற்கு ஒன்பது மடங்கு ஆற்றலை எங்கேயாவது கொட்டித் தீர்க்க வேண்டும். அறுபதுக்கும் எண்பதுக்கும் இடையில் மட்டும் அது கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. இருபது கிலோமீற்றர் வேகத்தில் பெட்டி வாலடிப்பதும் இல்லை, அதாவது அதன் பின்புறம் இடமும் வலமும் வீசி ஆடுவதில்லை. அதனால் உழவு இயந்திரப் பெட்டியை நன்றாகச் செய்கிற கைக்கு, காருக்குப் பின்னால் போகும் பெட்டியில் என்ன பிழை வரும் என்று தெரியச் சந்தர்ப்பமே வந்திருக்காது. உங்கள் பட்டறைக்காரரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் பார்த்த வேகம் வேறு.

இனி அந்த 900 கிலோவைப் பார்ப்போம். இரும்பின் நிறை கணக்கில் பிடிபடுகிற விடயம் என்பதால் இதை நிச்சயமாகவே சொல்கிறேன். 3 மில்லிமீற்றர் தகடு ஒரு சதுர மீற்றருக்கு 23.5 கிலோ. 14 அடி நீளம், இரண்டு மீற்றர் அகலம் என்றால் தளம் மட்டும் எட்டரைச் சதுர மீற்றர். அதாவது 200 கிலோ. சுவரும் கூரையும் 1.2 மில்லிமீற்றர் தகட்டில் செய்தால் சதுர மீற்றருக்கு 9.4 கிலோ வீதம் கிட்டத்தட்ட 300 கிலோ. 40 மில்லிமீற்றர் சதுரக் குழாயில் சட்டம் அடித்தால் எண்பது மீற்றர் குழாய் தேவைப்படும். 2 மில்லிமீற்றர் தடிப்பில் அது 190 கிலோ. அச்சு, வில் (ஸ்பிரிங்), சில்லு, இழுவைத் தண்டு எல்லாம் சேர்த்து 150 என்று வையுங்கள். இதிலேயே 840 வந்துவிட்டது. பட்டறைக்காரர் சொன்ன 900 பொய் அல்ல. ஆனால் அது வெறும் கூடு. உள்ளே பலகை அடிக்க வேண்டும், வெயிலுக்குத் தடுப்பு வைக்க வேண்டும், கட்டில், அலுமாரி, அடுப்பு மேசை வர வேண்டும். இருநூறு கிலோ அப்படியே போய்விடும். தண்ணீர் நூறு லீற்றர் என்றால் நூறு கிலோ. 12.5 கிலோ எரிவாயுச் சிலிண்டருக்கு அதன் கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று நிறையையும் கூட்ட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பற்றரி, பாய், தலையணை, பாத்திரம், அரிசி. திருவிழாவுக்குப் புறப்படும் காலையில் அந்தக் கரவன் 1,250 கிலோவுக்குக் குறையாது என்பது என் மதிப்பீடு. ஐரோப்பாவில் அந்த நீளத்தில் ஓடும் கரவன்கள் முழுப்பாரத்தோடு ஏறக்குறைய 1,000 முதல் 1,300 கிலோ வரை வருகின்றன. அவற்றின் சுவர் இரும்பு அல்ல, மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே நுரை வைத்த பலகை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதற்கு எதிரே உங்கள் கார் 1,100 கிலோ. இங்கிலாந்தில் கரவன் புதிதாக வாங்குகிறவருக்குச் சொல்லும் முதல் கணக்கு 85 சதவீதம்: முழுப்பாரம் ஏற்றிய கரவன், இழுக்கும் காரின் வெற்று நிறையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அனுபவம் உள்ளவர் நூறு சதவீதம் வரை போகலாம், அதற்கு மேல் யாரும் போகக் கூடாது என்பார்கள். உங்கள் காருக்கு 85 சதவீதம் என்பது 935 கிலோ. நீங்கள் நினைத்திருக்கும் கரவன் கிட்டத்தட்ட 114 சதவீதத்தில் நிற்கிறது. ஆனால் இந்த 85 எங்கிருந்தோ அளந்து எடுத்த இயற்கை விதி அல்ல, அந்த நாட்டின் சட்டமும் அல்ல. தொழில் செய்கிறவர்களும் கரவன் கழகங்களும் அனுபவத்தில் வைத்துக்கொண்ட ஒரு வழிகாட்டல். 84 என்றால் உயிருக்கு ஆபத்து இல்லை, 86 என்றால் விபத்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இழுபடுவது இழுப்பதைவிடக் கனமாக இருந்தால் எது எதை ஓட்டுகிறது என்பது சந்தேகத்துக்கு உரியதாகிவிடும் என்பதுதான் அதற்குள் இருக்கும் உண்மை.

சட்டப்படியும் பொறியியல்படியும் எல்லாவற்றுக்கும் மேலான எண், காரைச் செய்தவர் கொடுக்கும் இழுவை எல்லை. ஐரோப்பாவுக்குச் செய்த கார்களில் கதவோரத்திலோ எஞ்சின் அறையிலோ ஒரு சிறிய தகடு இருக்கும். அதில் முதல் வரி காரின் அனுமதித்த மொத்த நிறை, இரண்டாவது வரி காரும் பெட்டியும் சேர்ந்த நிறை, அடுத்த இரண்டும் முன் அச்சும் பின் அச்சும் தாங்கும் நிறை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுப்பாரம் ஏற்றிய கார் எவ்வளவு இழுக்கலாம் என்பது கிடைத்துவிடும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்து நம்மிடம் வரும் கார்களின் தகட்டில் இந்த வரிகள் இல்லை. அதே குடும்பத்துக் கார் வேறு நாட்டில் இழுவை எண்ணோடு விற்கப்பட்டிருக்கலாம். அந்த எண்ணைக் கடன் வாங்காதீர்கள். எஞ்சின், அதன் குளிரூட்டி, கியர்ப்பெட்டி, பின் வில் இவற்றில் ஒன்று மாறினாலும் எண் மாறிவிடும். சிறிய ஹைபிரிட் கார்களில் இழுவைக்கே அனுமதி இல்லாதவை பல உண்டு. உங்களுடையது ஹைபிரிட் என்றால், இந்தப் பதிலின் மீதியை வாசிப்பதற்கு முன் கையேட்டைத் திறந்து பாருங்கள்.

யாரும் நினைக்காத இன்னொரு பாரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஜப்பானில் ஐந்து பேர் போகும் காரின் மொத்த நிறையை, ஆளுக்கு 55 கிலோ என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதன்படி உங்கள் காருக்கு 275 கிலோதான் ஆட்களுக்கும் சாமான்களுக்குமான இடம். நீங்கள், மனைவி, அம்மா மூவருக்கு 200 கிலோ, வளரும் பிள்ளைகள் இருவருக்கு 70 என்றால், பயணப்பை ஒன்றுகூட ஏற்றாமலே கணக்கு முடிந்துவிட்டது. கரவன் காரின் கொழுக்கியில் அமுக்கும் பாரமும் இந்த 275க்குள்தான் அடங்க வேண்டும்.

அந்த அமுக்கும் பாரத்தை நம் வண்டில்காரர்கள் முன்பாரம் என்பார்கள். ஆங்கிலத்துப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்குகிற இந்த விடயம் மாட்டு வண்டில் ஓட்டியவருக்குக் கைப்பழக்கம். முன்பாரம் கூடினால் நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே எழும்பிக் கழுத்துக் கயிறு இறுகும். மாட்டுக்குத் தரையில் கால் பிடிக்காது. மூட்டை ஏற்றி முடித்ததும் நுகத்தைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னே இழுத்துப் போட்ட பிறகுதான் மாட்டைப் பூட்டுவார்கள். காருக்கும் அதுவே நடக்கிறது. அக்சியோவின் முன் பின் சில்லுகளுக்கு இடைத்தூரம் 2.6 மீற்றர். கொழுக்கி பின் அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னால் இருந்தால், 60 கிலோ முன்பாரம் பின் அச்சில் 83 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 23 கிலோவைத் தூக்கிவிடும். அக்சியோவை இழுப்பதும் திருப்புவதும் பெரும்பங்கு நிறுத்துவதும் முன்சில்லுகள். ஏற்கெனவே பின் இருக்கையில் மூன்று பேர். மழை ஈரத்தில் திருப்பும்போது முன்சில்லு வழுக்குகிறது என்று சொல்கிறவர்களின் பெட்டியை வாங்கி நிறுத்தால் பெரும்பாலும் முன்பாரம் மிதமிஞ்சியிருக்கும்.

அப்படியானால் எவ்வளவு முன்பாரம் சரி? இங்கே நாடுகளே ஒத்துப்போகவில்லை. இங்கிலாந்தில் பெட்டியின் முழு நிறையில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள். அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பத்து சதவீதமும் அதற்கு மேலும் வைக்கச் சொல்கிறார்கள். அங்கே பெட்டியும் கனம், இழுக்கும் வாகனமும் இரும்பு அடிச்சட்டம் போட்ட பெரிய வாகனம். சிறிய காருக்கு 7 சதவீதத்தை இலக்காக வையுங்கள் என்று நான் சொல்கிறேன். இது என் தீர்ப்பு. நிரூபணம் கேட்டால் என் வேலை அனுபவத்தைத்தான் காட்ட முடியும். ஆனால் முன்பாரம் பூச்சியமாகவோ பின்பாரமாகவோ போனால் பெட்டி வாலடிக்கும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இதை நான் ஏ-9 வீதியில் கற்றேன். 2015இல் வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு, இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த தட்டும் உள்ள டபிள் கப் வாகனம் ஒன்றின் பின்னால் பெட்டி பூட்டி, நீர் இறைக்கும் டீசல் எஞ்சின் ஒன்றையும் குழாய்களையும் கொண்டு வந்தேன். இறக்குவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று எஞ்சினைப் பெட்டியின் பின் கதவோடு ஒட்டி வைத்தது நான்தான். புளியங்குளம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. எழுபதில் போய்க்கொண்டிருந்தேன். பஸ் ஒன்று முந்திப் போனது. அது தள்ளிய காற்றில் பெட்டி ஒரு தடவை இடப்பக்கம் போனது கண்ணாடியில் தெரிந்தது. திரும்பி வந்து வலப்பக்கம் போனது, முன்னதைவிடக் கூடுதலாக. மூன்றாவது தடவை என் இருக்கையே பக்கவாட்டில் நகர்வது போல இருந்தது. டபிள் கப்பின் நிறை பெட்டியைப் போல இரண்டரை மடங்கு. 85 சதவீதக் கணக்கில் நான் வெகு பத்திரமான இடத்தில் இருந்தேன். காலை பெற்றோல் மிதியிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி இருந்தேன். எதிரே வாகனம் வராததால்தான் இன்று எழுதுகிறேன். வேகம் ஐம்பதுக்கு இறங்கியதும் ஆட்டம் தானாகவே அடங்கிவிட்டது. ஓரத்தில் நிறுத்திக் கொழுக்கியைக் கழற்றி இழுவைத் தண்டைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு கையால் தூக்க, வாளி வருவது போல வந்தது. எஞ்சினை இரண்டு பேராகத் தள்ளி அச்சுக்கு நேர் மேலே கொண்டுவந்து கட்டினோம். மறுபடி தூக்கிப் பார்த்தபோது இரண்டு கையும் முதுகும் தேவைப்பட்டன.

ஆட்டம் ஏன் தானாக வளர்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் கை தவறானதைச் செய்யத் துடிக்கும். ஒவ்வொரு இழுவைப் பெட்டிக்கும் ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே ஆட்டம் வந்தாலும் ரயர்களின் பிடிப்பு அதைத் தின்றுவிடும். அதற்கு மேலே ஒவ்வொரு ஆட்டமும் அடுத்ததைப் பெரிதாக்கும். பின்பாரம் அந்த வேகத்தைக் கீழே இறக்கும். பாரம் பெட்டியின் இரண்டு முனைகளிலும் இருந்தாலும் இறங்கும். காவுதடியின் இரு நுனியிலும் குடம் தொங்கினால் திரும்புவது கடினம். திரும்பத் தொடங்கிவிட்டால் நிறுத்துவது அதைவிடக் கடினம். ஒரே நிறையை அச்சிலிருந்து இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் அந்தப் பிடிவாதம் நான்கு மடங்காகும். ஆகவே தண்ணீர்த் தாங்கி, சிலிண்டர், பற்றரி மூன்றும் அச்சுக்கு அருகே, தாழ்வாக இருக்க வேண்டும். உயர அலுமாரியில் பாயும் உடுப்பும் போதும். வாலடிக்கத் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், வேகத்தைக் கூட்டி இழுத்து நிமிர்த்தலாம் என்று நினைக்காதீர்கள், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் போராடாதீர்கள். காலை எடுங்கள், நேராகப் பிடியுங்கள், வேகம் விழும்வரை காத்திருங்கள். மடுத் திருவிழா நடக்கும் ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசிக்கொண்டிருக்கும். வடக்கே ஆனையிறவு வெளியிலும் சங்குப்பிட்டிப் பாலத்திலும், முல்லைத்தீவுப் பக்கம் வட்டுவாகலிலும் அதற்கு மறைப்பே இல்லை. எட்டடி உயரச் சுவர் கொண்ட பெட்டி அங்கே ஒரு பாய்மரம். ஜெர்மனியின் நெடுஞ்சாலைகளிலேயே காரோடு பெட்டி பூட்டியவருக்கு எல்லை 80 கிலோமீற்றர். நிறை விகிதம், அதிர்வடக்கி போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால்தான் நூறு. நம் வீதியில் நான் அறுபதைத் தாண்டுவதில்லை.

பிரேக்குக்கு வருகிறேன். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட எந்தப் பெட்டிக்கும் அதற்கென்று சொந்தப் பிரேக் கட்டாயம். அதற்குக் குறைந்ததாக இருந்தாலும், பிரேக் இல்லாத பெட்டி காரின் வெற்று நிறையில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் காருக்கு அது 550 கிலோ. இந்தப் பாதிக் கணக்கை நான் எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்றே எடுக்கிறேன், ஏனென்றால் காரின் பிரேக் காரையும் அதன் பயணிகளையும் நிறுத்துவதற்குச் செய்தது. கரவன்களில் இருப்பது தள்ளுப் பிரேக். கார் வேகம் குறையும்போது பின்னால் வரும் பெட்டி கொழுக்கியைத் தள்ளும். அந்தத் தள்ளலே ஒரு தண்டை உள்ளே அழுத்திப் பெட்டியின் சில்லுப் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். எளிமையான, நல்ல அமைப்பு. அதோடு பெட்டி கழன்றால் பிரேக்கைத் தானாக இழுத்துவிட்டு அறுகிற ஒரு மெல்லிய கம்பியும் வரும். நம் ஊரில் செய்யும் சிறிய பெட்டிகள் பெரும்பாலும் இவை இல்லாமலே ஓடுகின்றன. 1,250 கிலோப் பெட்டி பிரேக் இல்லாமல் அக்சியோவின் பின்னால் போவதை நான் பார்த்தால் வழிமறித்துச் சொல்வேன். இரவில் ஏ-9இல் மாடுகள் படுத்திருப்பதும், ஒட்டுசுட்டான் பக்கம் யானை வீதி கடப்பதும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கொழுக்கியைக் காரின் பம்பரிலோ மேலதிகச் சில்லு வைக்கும் பள்ளத்தின் தகட்டிலோ ஒட்டக் கூடாது. அக்சியோவுக்குத் தனி அடிச்சட்டம் கிடையாது, உடலே அடிச்சட்டம். அடியில் நீளவாக்கில் ஓடும் இரண்டு பெட்டித் தண்டுகளில் திருகாணியால் பரந்து பிடித்திருக்க வேண்டும். காரின் கொழுக்கியில் உள்ள உருண்டையும் அதன்மேல் பூட்டும் பெட்டித் தண்டின் கிண்ணமும் ஒரே அளவாக இருக்கட்டும்: ஐரோப்பிய அளவு 50 மில்லிமீற்றர், அமெரிக்க அளவு இரண்டு அங்குலம், அதாவது 50.8, இரண்டையும் கலந்து பூட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். தண்டுக்குக் கீழே குறுக்காகப் போட்ட இரண்டு சங்கிலி, விளக்குகள், அகலக் கண்ணாடி ஆகியவை தெரிந்தவைதான். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் செய்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். வருடத்துக்கு இரண்டு தடவை மட்டும் ஓடும் பெட்டியின் ரயர் தேய்ந்து சாவதில்லை, வெயிலில் நின்று வெடித்துச் சாகிறது.

ஆகவே உங்கள் 14 அடிக் கரவனுக்கு என் பதில்: இந்தக் காருக்கு வேண்டாம். பிரேக் வைத்தாலும் வேண்டாம். வருடத்தில் இரண்டு பயணத்துக்கு அந்த அளவு வீடு வேண்டும் என்றே நினைத்தால், அதை ஒரு டபிள் கப்புக்குப் பின்னால் பூட்டுங்கள். அந்த நாட்களுக்கு மட்டும் வாகனத்தை வாடகைக்கு அமர்த்தலாம். காரையே பயன்படுத்த வேண்டும் என்றால் எட்டடி நீளத்தில், தோளளவு உயரத்தில், பின் கதவைத் திறந்தால் அடுப்பு மேசை வரும்படியான சிறிய பெட்டி ஒன்றைச் செய்யுங்கள். அம்மாவும் பிள்ளைகளும் உள்ளே படுக்கலாம், நீங்கள் இருவரும் பக்கத்தில் கூடாரம் அடிக்கலாம். மடுவில் பாதிச் சனம் அப்படித்தான் தங்குகிறது. சுவருக்கு இரும்புத் தகட்டுக்குப் பதிலாக விளம்பரப் பலகைக்குப் போடும் 4 மில்லிமீற்றர் அலுமினியக் கூட்டுத் தகடு போதும். அது சதுர மீற்றருக்கு ஐந்தரைக் கிலோதான். தளத்துக்கு 12 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை. எல்லாம் ஏற்றிய பிறகு 450 கிலோவுக்குள் நிற்கும்படி திட்டமிடுங்கள். 550 எல்லைக்குக் கீழே கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும். அப்போதும் அந்தக் காரில் ஐந்து பேரும் பயணப்பைகளும் சேர்ந்து போகக் கூடாது. பைகள் பெட்டிக்குள் போகட்டும், முடிந்தால் ஒருவர் பஸ்ஸில் வரட்டும்.

பட்டறைக்குப் போகும்போது ஒரு விடயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். எட்டடிப் பெட்டிக்கு, கொழுக்கி முன்சுவரிலிருந்து 1.2 மீற்றர் முன்னால் இருக்கும் என்று வைத்தால், 7 சதவீத முன்பாரத்துக்கு அச்சு பாரத்தின் மையத்துக்குப் பதினெட்டு சென்ரிமீற்றர் பின்னால் வர வேண்டும். அந்த மையம் எங்கே என்பது பெட்டி செய்து முடியும்வரை பட்டறைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் அச்சின் தாங்கிகளை முதலில் புள்ளி ஒட்டாக மட்டும் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். கட்டில், அடுப்பு, நிரப்பிய தண்ணீர்க் கலன், சிலிண்டர் எல்லாம் அதனதன் இடத்தில் வைத்த பிறகு, நெல் நிறுக்கும் நூறு கிலோத் தொங்கு தராசு ஒன்றை வளையில் மாட்டி, கொழுக்கிக் கிண்ணத்தை அதில் தொங்கவிடுங்கள். பெட்டி மட்டமாக, காரில் பூட்டினால் நிற்கும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். 450 கிலோப் பெட்டிக்கு முள் 30க்குக் கிட்ட நிற்கட்டும். 15 காட்டினால் அச்சைப் பின்னே தள்ளுங்கள், 50 காட்டினால் முன்னே. பிறகு அரிசி ஆலையின் லொறித் தராசில் பெட்டியை மட்டும் ஏற்றி முழு நிறையைப் பாருங்கள். அந்தத் தராசு பத்து, இருபது கிலோப் படியில்தான் காட்டும், ஆனாலும் 450க்கும் 600க்கும் உள்ள வித்தியாசம் மறையாது. இரண்டு எண்களையும் எழுதி வைத்துவிட்டு, அதன் பிறகு அச்சை முழுதாக ஒட்டச் சொல்லுங்கள். தராசு காட்டிய எண்களையும், காரின் பின் அச்சிலிருந்து கொழுக்கிவரை உள்ள தூரத்தையும் இங்கே எழுதினால், உங்கள் பின்வில் அதைத் தாங்குமா என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.